67 வயசு அம்மாக்கு எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணலாமா? பண்ணவங்க அனுபவம் சொல்லுங்க ப்ளீஸ்

தூறல்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாக்கு 67 வயசு, 102 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு) 42. சுகர் 15 வருஷத்துக்கு மேல இருக்கு, இன்சுலின் போடறாங்க, பிபி மாத்திரை, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றதால சிபேப் மெஷின் வேற. நெஞ்செரிச்சலும் உண்டு. ரெண்டு முட்டியும் தேஞ்சு போய் பாத்ரூம் போய்ட்டு வரவே சுவத்த புடிச்சுட்டு தான். முட்டி மாத்தற டாக்டர் எடைய குறைச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு, நடக்கவே முடியாதவங்க எப்படி குறைக்கறது சொல்லுங்க. பேரியாட்ரிக் (எடை குறைப்பு) சர்ஜன்கிட்ட காட்டினோம், ஸ்லீவ் (இரைப்பைய வெட்டி சின்னதாக்கறது) இல்லன்னா பைபாஸ் (இரைப்பைய சின்னதாக்கி குடலோட இணைக்கறது) பண்ணலாம்னாரு. அண்ணன் இந்த வயசுல வயித்துல கை வைக்கவே கூடாதுன்னு ஒத்த கால்ல நிக்கறாரு. அம்மா பண்ணிக்கறேன்னு தான் சொல்றாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

கரையோரம்:
எங்கப்பாக்கு 66ல ஸ்லீவ் பண்ணோம். நல்லா தான் இருக்காரு, சுகர் மாத்திரை நின்னுடுச்சு. ஆனா அவருக்கு சுகர் வந்து கொஞ்ச வருஷம் தான் ஆகியிருந்துச்சு, இன்சுலின் போட்டதில்ல. உங்கம்மாக்கு டோஸ் குறையும், முழுசா நிக்கும்னு எதிர்பாக்காதீங்க, ரொம்ப வருஷமா இருக்கற சுகருக்கு அந்த வாய்ப்பு கம்மி.
ஒன்னு மட்டும் மறக்காதீங்க. ஆபரேஷன் முடிஞ்ச உடனே சாப்பாடு சுருங்கிடுது ஆனா பிபி மாத்திரை பழைய அளவுலயே போய்ட்டு இருந்தா எந்திரிச்ச உடனே கண்ண இருட்டும். அப்பா கட்டில்ல இருந்து எந்திரிக்கறப்ப அப்படியே சாஞ்சுட்டாரு, நல்ல வேளை பக்கத்துல ஆள் இருந்தோம். மாத்திரைய குறைச்சதும் சரியாச்சு. இன்சுலினும் அப்படித்தான், முதல் நாள்லயே டோஸ் மாறணும், வீட்ல அடிக்கடி சுகர் பாக்கணும்.

வார்டுநர்ஸ்:
தூறல் மா, நான் சர்ஜரி வார்டுல வேலை பாக்கறேன். வயச மட்டும் வெச்சு வேணாம்னு சொல்ற காலம் போயிடுச்சு. 2022ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்லயே இதுக்கு மேல் வயசு வரம்பு கிடையாதுன்னு இருக்கு, மத்த நோய்களும் உடம்பு எவ்ளோ தளர்ந்திருக்குங்கறதும் தான் பாக்க சொல்றாங்க. ஆனா சின்ன வயசுக்காரங்கள விட சிக்கல் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அண்ணன் பயப்படறதுலயும் நியாயம் இருக்கு.
உங்க கேஸ்ல உண்மையான குழப்பம் ஸ்லீவா பைபாஸாங்கறது தான். ஸ்லீவ்ல இரைப்பைல முக்கால் பங்குக்கு மேல எடுத்துடுவாங்க, மீதி குழாய் மாதிரி நிக்கும், உள்ள அழுத்தம் கூடறதால நெஞ்செரிச்சல் அதிகமாகலாம். பைபாஸ்ல அது நல்லா குறையும், சுகருக்கும் பைபாஸ் கொஞ்சம் மேல். ஆனா பைபாஸ் பண்ணவங்க டைக்ளோஃபினாக், இப்யூப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போடக்கூடாது, குடல இணைச்ச இடத்துல புண்ணு வரும், ரத்தம் கசியும். முட்டி வலிக்கு அம்மா இப்ப என்ன மாத்திரை போடறாங்கன்னு பாருங்க. அதத்தான் தினமும் போடறாங்கன்னா சர்ஜன்கிட்ட அத முதல்ல சொல்லுங்க, முடிவே மாறலாம். எண்டோஸ்கோபி பண்ணி உள்ள பாத்துட்டு தான் எதுன்னு முடிவு பண்ணனும்.
அப்புறம் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும். எலும்பும் தேயும், அதனால முன்னாடியே எலும்பு அடர்த்தி பாக்கற டெக்ஸா ஸ்கேன் எடுத்து வெச்சுக்கோங்க. வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீர்னு மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியா இருக்கலாம், காத்திருக்காம தூக்கிட்டு ஓடுங்க. விடாம வாந்தி வந்தாலும் சும்மா இருக்காதீங்க, பி1 சத்து கொறஞ்சு தடுமாற்றம், குழப்பம் வரும், பெரியவங்களுக்கு வந்தா வயசாயிடுச்சுன்னு விட்டுடறாங்க, அது ரொம்ப கொடும.

வேப்பநிழல்:
எடை குறைக்கற ஊசி ட்ரை பண்ணலயா? செமாக்ளூடைடுங்கற ஊசிய முட்டி தேய்மானம் இருக்கறவங்களுக்கு குடுத்து பாத்த ஆய்வு 2024ல வந்துச்சு, எடையோட வலியும் நல்லா குறைஞ்சிருக்கு. கத்தி வைக்கறதுக்கு முன்னாடி இத கேட்டுப் பாக்கலாமே. ஆனா நிறுத்தினா எடை திரும்ப ஏறிடும், சுகர் இருக்கறவங்களுக்கு குறையற அளவும் கொஞ்சம் கம்மி தான்.

மாடிப்படி:
நான் பிசியோ. ஊசியோ ஆபரேஷனோ, கொழுப்போட சேர்ந்து தசையும் கரையும், 67ல போன தசை தானா திரும்பி வராது. எடை குறைஞ்சும் எந்திரிக்க முடியாம போனவங்கள நான் பாத்திருக்கேன், மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும். 65 தாண்டின குண்டா இருக்கறவங்க 160 பேர வெச்சு பண்ண ஆய்வு 2017ல வந்துச்சு, டயட்டோட நடைப்பயிற்சி மாதிரி பயிற்சியும் வெயிட் தூக்கற பயிற்சியும் ரெண்டும் சேர்த்து செஞ்சவங்க தான் உடம்பு தெம்புல அதிகமா தேறினாங்க.
இன்னைக்கே ஒன்னு பாருங்க. கைப்பிடி இல்லாத சேர்ல அம்மாவ உக்கார வெச்சு, கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு 5 தடவ எந்திரிச்சு உக்கார சொல்லுங்க, நீங்க பக்கத்துலயே நில்லுங்க. 15 செகண்டுக்கு மேல ஆனா கால்ல பலம் கம்மின்னு அர்த்தம்.

தூறல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வலி மாத்திரை கவர எடுத்து பாத்தேன், டைக்ளோஃபினாக் தான், தினமும் ரெண்டு. சேர் டெஸ்ட்ல ஒரு தடவ கூட கை ஊனாம எந்திரிக்க முடியல. அப்ப ஆபரேஷனே வேணாமா?

மாடிப்படி:
வேணாம்னு இல்லங்க, அவசரப்படாதீங்க அவ்ளோதான். முட்டி வலியாலயும் எந்திரிக்க முடியாம இருக்கலாம், அத நேர்ல பாத்தா தான் தெரியும். சேர் மேல கெட்டியா ஒரு மெத்தைய போட்டு உயரத்த கூட்டுங்க, சுவரோரமா வெச்சு அதுல இருந்து எந்திரிச்சு பழகட்டும். உக்காந்தபடியே முட்டிய நீட்டி மடக்கறது, கைல சின்ன வெயிட் தூக்கறது ஆரம்பிங்க. கிட்னி டெஸ்ட் பாத்துட்டு டயட்டீசியன்கிட்ட புரதம் எவ்ளோன்னு எழுதி வாங்குங்க. ரெண்டு மூனு மாசம் இப்படி போனப்புறம் தேதி வெச்சுக்கலாமான்னு சர்ஜன்கிட்ட கேளுங்க, அண்ணனையும் கூட கூட்டிட்டு போங்க, அவர் கேள்விய அவரே நேர்ல கேக்கட்டும்.