டாக்கா எடிட்டர், மணிலா சாட் ஆள்: பணத்தை எப்போ, எந்த வழியில் அனுப்புவது?

பழைய வண்ணை வியாபாரி:

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல நைட்டி, சுடிதார் மொத்தமா விக்கிற கடைங்க ஆன்லைன்லயும் இறங்கிட்டாங்க. போட்டோவுல பின்னணி வெட்டுற வேலை டாக்காவுக்குப் போகுது. மலேசியா, சிங்கப்பூர் கஸ்டமருக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்ல மணிலாவுல ஆள். என் கட்சி இதுதான்: வெளிநாட்டு ஆளுக்கு முன்பணம் ஒரு ரூபா கூடக் குடுக்கக் கூடாது. வேலையை வாங்கிப் பார்த்துட்டு மாசக் கடைசியில ஒரே தடவையா அனுப்பணும். பத்து நாள் கூலி எப்பவும் நம்ம கையில நிக்கணும். ஆள் பாதியில காணாம போனா எந்த ஸ்டேஷன்ல போய் நிக்கிறது? நமக்கு இருக்கிற ஒரே பிடி அந்தப் பணம்தான். மறுக்கிறவங்க காரணத்தோட மறுங்க.

தங்கசாலை கணக்கர்:

அண்ணே, காரணத்தோடயே மறுக்கிறேன். பிலிப்பைன்ஸ் தொழிலாளர் சட்டப்படி மாதத்துக்கு இரண்டு தடவையாவது, 16 நாளுக்கு மிகாத இடைவெளியில் கூலி தர வேண்டும். 15, 30 தேதிகளில் சம்பளம் என்பது அங்கே ஊறிப்போன பழக்கம். 13ஆம் மாதச் சம்பளத்தை டிசம்பர் 24க்குள் தரச் சொல்லும் ஆணையும் 1975லிருந்து இருக்கிறது. நீங்கள் எடுத்திருப்பவர் ஒப்பந்த ஆள்தான், ஊழியர் இல்லை என்றால் இவை உங்களைக் கட்டாது. சரி. ஆனால் பத்து நாள் கூலியை மடக்கி வைக்கும் கடையில் கெட்டிக்கார ஆள் தங்க மாட்டார். வேறு இடம் கிடைத்ததும் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கிளம்பிவிடுவார். அப்போது உங்கள் கையில் நிற்கும் பத்து நாள் கூலி எதற்கு ஆகும்?

பிடியை வேலையின் அளவில் வையுங்கள். 500 படத்தை ஒரே மூட்டையாக அனுப்பினால் 500 படத்துக்கும் பயம். ஐம்பது ஐம்பதாகக் கொடுங்கள், முதல் கட்டு பாஸ் ஆன பிறகே அடுத்தது. ஒரிஜினல் படம் உங்கள் டிரைவில் இருக்கட்டும், அவர்களுக்குப் போவது நகல் மட்டும்.

'பாஸ்' என்றால் என்ன என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2000க்கு 2000 பிக்சல், பின்னணி சுத்த வெள்ளை, அதாவது மூன்று நிறத்திலும் 255. 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும்போது கழுத்து லேஸின் ஓட்டைகளுக்குள் பழைய பின்னணியின் சாம்பல் தெரியக் கூடாது. அவசர வேலையில் ஓரத்தை இரண்டு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டுவார்கள், லேஸின் பல் மழுங்கி நேர்கோடாகிவிடும். வெள்ளை லேஸ் என்றால் பின்னணியோடு கரைந்தே போகும். வாங்கியவர் 'படத்தில் இருந்தது இது இல்லை' என்று சரக்கைத் திருப்புவார். திருத்தம் இரண்டு தடவை, 48 மணி நேரத்துக்குள் என்று எழுதிவிட்டால் வாய்ச்சண்டை வராது.

பழைய வண்ணை வியாபாரி:

லேஸ் விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா கணக்கு உதைக்குது. படத்துக்கு 40 சென்ட்னா 50 படத்துக்கு 20 டாலர். இருபது டாலரை பேங்க்ல அனுப்பினா கூலியை விட செலவு ஜாஸ்தி.

தங்கசாலை கணக்கர்:

வேலை சிறு கட்டாக, பணம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மொத்தமாக. பாஸ் ஆன கட்டுகளை மட்டும் பில்லில் ஏற்றச் சொல்லுங்கள். அனுப்பும்போது கட்டணம் யாருக்கு என்ற கட்டத்தைப் பாருங்கள். 'ஷேர்' (SHA) போட்டால் நடுவில் நிற்கும் வங்கியும் தன் பங்கைப் பிடிக்கும், 200 டாலர் போய்ச் சேரும்போது 180 ஆகியிருக்கலாம். கூலி குறைந்தது என்று அவர் நினைப்பார். 'அவர்' (ஆங்கிலத்தில் OUR) என்று போட்டால் செலவு முழுக்க உங்களுக்கு, தொகை முழுதாகப் போகும். எதுவாக இருந்தாலும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

டாக்காவுக்கு இன்னொன்று. இந்தியாவும் வங்காளதேசமும் ஆசியத் தீர்வு ஒன்றியத்தில் (ஏ.சி.யு., உறுப்பு நாடுகளின் மத்திய வங்கிகள் வழியே கணக்குத் தீர்க்கும் அமைப்பு) இருப்பதால் பணம் பொதுவாக 'ஏ.சி.யு. டாலர்' கணக்கில் தீர வேண்டும். சாதாரண டாலர் என்று விண்ணப்பித்தால் திரும்பி வரலாம். அங்கே வங்கிக்கு விடுமுறை வெள்ளி, சனி. நமக்கு ஞாயிறும், இரண்டாவது, நான்காவது சனியும். வியாழன் சாயங்காலம் அனுப்பிவிட்டு சனிக்கிழமை 'வந்துச்சா' என்று கேட்பதில் பயன் இல்லை. செவ்வாய்க்குள் அனுப்புங்கள்.

வியாசை:

இரண்டு பேருமே சுத்தி வளைக்கிறீங்க. ஃப்ரீலான்ஸ் தளத்துல எஸ்க்ரோ இருக்கு. நாம பணத்தைப் போட்டுடறோம், அவங்க வேலையைத் தர்றாங்க, நாம 'சரி' அழுத்தினா பணம் விடுவிக்கப்படுது. அவங்களுக்கும் பயம் இல்லை, நமக்கும் இல்லை. தகராறுன்னா தளம் நடுவுல நிக்கும். கமிஷன் போகட்டும், ஏ.சி.யு., ஸ்விஃப்ட்னு (பேங்குக்கு பேங்க் வெளிநாட்டுப் பணத் தகவல் அனுப்பற வலை) அலையற வேலை மிச்சம்.

தண்டை நெட்வொர்க்:

வியாசை, படம் வெட்டுற மாதிரி எண்ணிப் பார்க்கக்கூடிய வேலைக்கு எஸ்க்ரோ ரொம்பப் பொருத்தம், அதை நான் மறுக்கலை. மணிலா சாட் ஆளுக்கு அது ஒத்து வராது. ஆறு மாதமா தினம் எட்டு மணி நேரம் பதில் சொல்றவர் வேலையில 'முடிஞ்சது'ன்னு எதைக் காட்டி அழுத்துவீங்க?

மூணு பேருமே ஆள் ஏமாத்துவாரான்னு பேசறீங்க. பெரிய தொகை போறது ஆளோட பேர்ல நடுவுல வர்ற திருடன்கிட்ட. முறை இதுதான். இரண்டு பக்கத்துல யாரோ ஒருத்தரோட மெயில் பாஸ்வேர்ட் போயிடும். திருடன் உடனே எதுவும் செய்ய மாட்டான். 'இன்வாய்ஸ்'ங்கிற வார்த்தை வர்ற மெயிலெல்லாம் தனக்கும் போகிற மாதிரி ஃபார்வர்ட் ரூல் போட்டுட்டுக் காத்திருப்பான். பில் வர்ற நாள் அன்னைக்கு, அதே பில், அதே லோகோ, அதே தொகை, அக்கவுன்ட் நம்பர் மட்டும் மாறி வரும். 'எங்க பேங்க்ல ஆடிட், இந்த மாசம் இதுல போடுங்க'ன்னு ஒரு வரி.

கண்ணால பிடிக்க இரண்டு இடம் இருக்கு. ஒண்ணு, அனுப்பினவர் முகவரி. 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்துல சின்ன 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வெச்சிருப்பான், போன் திரையில வித்தியாசமே தெரியாது. இரண்டு, ஸ்விஃப்ட் கோடு. அதுல அஞ்சாவது, ஆறாவது எழுத்து நாட்டைச் சொல்லும். மணிலா பேங்க்னா பி.எச்., டாக்கான்னா பி.டி. பில்லுல மணிலா முகவரி, கோடுல எச்.கே.ன்னா பணம் ஹாங்காங் போகுது.

மெயிலே அவங்க உண்மையான பெட்டியிலிருந்து வந்தா இந்த இரண்டும் உதவாது. அதனால அக்கவுன்ட் மாறினதா தகவல் வந்தா, ஒப்பந்தத்துல முதல்ல எழுதின நம்பருக்கு நாம கூப்பிடணும். மெயில்ல புதுசா இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டா திருடனே எடுத்துப் பேசுவான். வீடியோ காலுக்கு வரச் சொல்லி, அவங்க பேங்க் ஆப்பைத் திறந்து பேரையும் நம்பரையும் காட்டச் சொல்லுங்க. அதுக்கு அப்புறமும் இரண்டு வேலை நாள் பொறுத்துத்தான் முதல் பணம். இதை முதல் நாளே ஒப்பந்தத்துல எழுதிட்டா நல்ல ஆள் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

பணம் போயிடுச்சுன்னா, அந்த மணி நேரமே பேங்க்ல ரீகால், அதாவது பணத்தைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்க. யு.இ.டி.ஆர்.னு ஒரு நீள நம்பர் ஒவ்வொரு ஸ்விஃப்ட் பணத்துக்கும் இருக்கு, அதை வாங்கி வெச்சுக்குங்க. அங்கே கணக்குல ஏறிட்டா, ஏறின ஆளோட சம்மதம் இல்லாம அந்த பேங்க் திருப்பித் தராது. அதனால சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் அப்பவே சொல்லி, சைபர் கிரைம் தளத்துல புகாரும் பதியணும்.

பழைய வண்ணை வியாபாரி:

இது புது விஷயம், ஒத்துக்கறேன். ஆனா தம்பி, இத்தனை பேப்பர் எதுக்கு? வீட்டம்மா பேர்ல எல்.ஆர்.எஸ்.ல (தனி ஆள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பற ரிசர்வ் பேங்க் திட்டம்) அனுப்பிட்டா ஒரு ஃபார்ம்ல முடிஞ்சுடும்னு கடைத்தெருவுல சொல்றாங்க. இல்ல, இங்க கையில குடுத்தா அங்க அன்னைக்கே கையில குடுக்கிற ஆளும் இருக்காங்க.

தங்கசாலை கணக்கர்:

அண்ணே, இந்த இரண்டையும் செய்யவே செய்யாதீர்கள். எல்.ஆர்.எஸ். தனி நபரின் சொந்தத் தேவைக்கானது. கடைக் கூலியை 'குடும்பப் பராமரிப்பு' என்று அனுப்பினால் பொய் அறிவிப்பு. கையில் கொடுத்து மாற்றுவது உண்டியல், அதாவது ஹவாலா. ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் தண்டம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகும். அந்தக் கூலியைச் செலவாகவும் காட்ட முடியாது.

நேர் வழி அவ்வளவு கஷ்டமில்லை. கடை நடப்புக் கணக்கிலிருந்து அனுப்புங்கள்; வேண்டியது ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்), ஒப்பந்தம், பில். நோக்கக் குறியீட்டைச் சரியாகப் போடுங்கள், டேட்டா பிராசஸிங்குக்கு எஸ்0803. சின்னக் கிளையில் அந்நியச் செலாவணிப் பிரிவு இருக்காது, காகிதம் வேறு கிளைக்குப் போய் வரும். முதல் தடவைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

அடுத்து வருமான வரி. 'வேலை டாக்காவில் நடக்குது, இங்கே ஏன் வரி' என்று பலரும் சொல்கிறார்கள். தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்றால் வேலை எங்கே நடந்தாலும் இங்கே வரி உண்டு. 195ஆம் பிரிவில் டி.டி.எஸ். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவு முழுக்க உங்கள் லாபத்தில் சேர்ந்துவிடும். (1961 சட்டத்தின் பிரிவு, படிவ எண்களைச் சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம், அதில் எண்கள் வேறு.) இரட்டை வரியைத் தவிர்க்கும் உடன்படிக்கை நாட்டுக்கு நாடு வேறு. பிலிப்பைன்ஸ் உடன்படிக்கையில் தொழில்நுட்பக் கட்டணத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது. அவருக்கு இங்கே நிலையான அலுவலகம் இல்லையென்றால் வரி பிடிக்காமல் அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் அவர் நாட்டு வரி வதிவுச் சான்றும் (அவர் அந்த நாட்டு வரிதாரர் என்பதற்கான சான்று), அதோடு சேரும் 10எஃப் என்ற விவரப் படிவமும் உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும், பணம் போவதற்கு முன்னால். வரி பிடிக்க வேண்டியதாக இருந்து, மொத்தம் ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டரிடம் 15சி.பி. என்ற சான்று வாங்கி, பிறகு 15சி.ஏ. என்ற அறிவிப்புப் படிவம் பதிய வேண்டும்.

ஜி.எஸ்.டி. தனி. மாதம் 800 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 68,000. ரிவர்ஸ் சார்ஜில் (சேவையை வாங்கியவரே வரி கட்டும் முறை) 18 சதவீதம், 12,240 ரூபாயை நீங்களே பணமாகக் கட்டி, பிறகு கிரெடிட் எடுக்கலாம். வியாசைக்கும் இதுதான் பதில்: தளம் வழியாகப் போனாலும் வேலை செய்தவர் வெளிநாட்டவர், இந்த வரி நிற்கும்.

வியாசை:

வரி நிற்கும்னு ஒத்துக்கறேன், எஸ்க்ரோ வேண்டாம்னு சொல்ல அது காரணம் ஆகாது. இன்னொரு ஓட்டையும் இருக்கு. பேனர், விளம்பர வாசகம் செஞ்சு வாங்கறோம், பணமும் குடுத்துட்டோம், உரிமை யாருக்கு? நம்ம காப்பிரைட் (பதிப்புரிமை) சட்டம் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம்தான். எந்த ஊருக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். மலேசியாவுல விக்கிற கடைக்கு இது போதாது. 'உலகம் முழுக்க, உரிமைக் காலம் முழுக்க'ன்னு இரண்டு வார்த்தை ஒப்பந்தத்துல இருக்கணும்.

தண்டை நெட்வொர்க்:

சாட் ஆளைப் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. வெளியே போற பணத்தைப் பார்த்தோம், உள்ளே வர்ற பணத்து மேல கை வைக்கிறவர் அவர்தான். கடை மென்பொருள்ல அவருக்குத் தனி லாகின் குடுங்க, முதலாளி பாஸ்வேர்டைப் பகிராதீங்க. ஆர்டர் பார்க்க, பதில் எழுத அனுமதி போதும். ரீஃபண்ட் அவர் கேட்கட்டும், கடையில இருக்கிறவர் அழுத்தட்டும். பேமென்ட் கேட்வேயில (கஸ்டமர் ஆன்லைன்ல கட்டற பணத்தை வாங்கித் தர்ற சேவை) பணம் வந்து சேர்ற பேங்க் கணக்கை மாத்தற அனுமதி முதலாளி ஒருத்தருக்கு மட்டும். ஆள் வேலையை விட்ட அன்னைக்கே லாகினை மூடணும்.

பழைய வண்ணை வியாபாரி:

மணிலாவுக்கு 15, 30னு மாத்திடறேன். டாக்காவுக்கு 50 படக் கட்டு, பதினஞ்சு நாள் பில். பிடித்தத்தை முழுசா விட மனசு வரலை, பத்து நாளை ஒரு கட்டுக் கூலியாக் குறைக்கிறேன். அதுக்குக் கீழ இறங்க மாட்டேன். ஒரு சந்தேகம்: நெட் பேங்கிங்ல ஒருத்தர் ஏத்தி இன்னொருத்தர் அனுமதிக்கணும்னா, கடையில பில் பார்க்கிற பையன்தான் இரண்டையும் செய்யறான். இது சரியா?

தண்டை நெட்வொர்க்:

அதை முதல்ல மாத்துங்கண்ணே. கல்லாவும் கணக்கும் ஒரே கையில இருக்கக் கூடாதுன்னு கடைத்தெருவுல எல்லாருக்கும் தெரியும், இதுவும் அதேதான். பையன் ஏத்தட்டும். அனுமதி உங்க போன்ல வரட்டும். அழுத்தறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தோட முதல் பக்கத்தைக் கையில வெச்சுக்கிட்டு, அக்கவுன்ட் நம்பரைக் கடைசி நாலு இலக்கத்தோட நிறுத்தாம முழுசா ஒப்பிட்டுப் பாருங்க.