ஆப்பில் முழு மார்க், பலகையில் முழி: அரபிச் சொல் விளையாட்டு பற்றி உதவி வேண்டும்

மாடி வகுப்பு டீச்சர்
அஸ்ஸலாமு அலைக்கும். திருவல்லிக்கேணியில் வீட்டு மாடியில் 11 பிள்ளைகளுக்கு மாலையில் அரபி சொல்லித் தருகிறேன். ஏழு, எட்டு வயசு. எல்லாரும் நன்றாக ஓதுவார்கள், அர்த்தம்தான் தெரியாது. வாரம் பத்துச் சொல் எடுத்து, நாலு கலர் கட்டத்தில் ஒன்றை அமுக்கும் வினாடி வினா ஆப்பை டிவியில் போடுகிறேன். ஒரே கூச்சல், மார்க்கை அள்ளுகிறார்கள். அதே சொல்லைப் பலகையில் எழுதினால் முழிக்கிறார்கள். நேற்று வீட்டுக்கான ‘பைத்’ எழுதினேன். மூன்று பேர் ‘பின்த்’, பெண் பிள்ளை என்றார்கள். எங்கே தப்பு?

மண்ணடி பாய்
வ அலைக்கும் ஸலாம். ஒரே கேள்வித்தாளையே தினமும் போடுகிறீர்களா? அப்படியானால் அவர்கள் சொல்லைப் படிக்கவில்லை, ‘மூணாவது கேள்விக்குச் சிவப்பு’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வி, விடை இரண்டின் வரிசையையும் கலைத்து விடுங்கள். வேகத்துக்கு மார்க் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

மாடி வகுப்பு டீச்சர்
மாட்டிக்கொண்டேன். மூன்று நாளாக ஒரே தாள்தான் பாய்.

பழைய வாத்தியார்
பைத், பின்த் குழப்பத்துக்குக் காரணம் வேறு அம்மா. இரண்டுக்கும் எழுத்தின் உடம்பு ஒன்றேதான். நடு எழுத்து யா என்றால் கீழே இரண்டு புள்ளி, நூன் என்றால் மேலே ஒரு புள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். ஜன்னல் வெளிச்சம் டிவியில் அடித்தால் புள்ளி மறைந்து போகும். எழுத்தைப் பெரிதாக வையுங்கள். அப்புறம், குர்ஆனில் ஜபர், ஜேர், பேஷ் என்ற அ, இ, உ ஒலிக்குறிகள் போட்டே படித்துப் பழகிய பிள்ளைகள் இவர்கள். ஆப்பில் வெறும் எழுத்தாக அடித்திருப்பீர்கள். குறிகளைச் சேர்த்து அடியுங்கள். ஒரு மாதம் போகட்டும், மெதுவாக எடுத்துவிடலாம்.

எழுத்தைத் தனித்தனியாக உடைத்து அடுக்கும் ஆட்டம் மட்டும் இப்போது வேண்டாம். பா தனியாக நிற்கும்போது ஒரு வடிவம், சொல்லுக்குள் சேர்ந்தால் வேறு.

ராயப்பேட்டை அப்பா
பேசாமல் டிவியை அணைத்துவிட்டுச் சிலேட்டைக் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

மாடி வகுப்பு டீச்சர்
அணைத்தால் அடுத்த நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள் அண்ணா! ஆனால் சிலேட்டை விடவில்லை. இப்போது நானே குரலைப் பதிவு செய்து போடுகிறேன். கேட்டு, முதலில் சிலேட்டில் எழுத வேண்டும், பிறகுதான் கட்டத்தை அமுக்கலாம். ஆட்டம் மெதுவாகப் போகிறது, கூச்சலும் பாதிதான். ஒரு வாரம் கழித்துப் பலகையில் எழுதினேன், பைத்தையும் பின்த்தையும் எட்டுப் பேர் பிரித்துச் சொன்னார்கள்.

‘கல்பு’தான் இன்னும் தகராறு. நம் வீடுகளில் மனசைக் கல்பு என்றுதான் சொல்கிறோம். தமிழில் ஒரே க. அரபியில் காஃப் போட்டால் அது நாய், தொண்டைக்குள்ளிருந்து வரும் ‘ஃகாஃப்’ போட்டால்தான் நெஞ்சு. நேற்று ஒருவன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தெளிவாக நாய் என்றே உச்சரித்தான்.

பழைய வாத்தியார்
கண்ணாடியைக் கையில் கொடுத்து வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள். அடிநாக்கு பின்னால் போய் உள்நாக்குப் பக்கம் தொட வேண்டும். இதற்கு ஆப் உதவாது.