மெல்போர்னிலிருந்து கோத்தகிரி: குழந்தைகளுடன் இரவிலேயே மலையேறலாமா?

கோத்தகிரிக்காரி:

நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரி. 7 ஆண்டுகளாக மெல்போர்னில் இருக்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கு 5 வயது மகனையும் ஒன்றரை வயது மகளையும் அழைத்துக்கொண்டு தனியாக வருகிறேன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சிங்கப்பூர் வழியாக வரும் விமானம் கோவையில் இரவு 10 மணிக்கு இறங்குகிறது. பிள்ளைகளின் உடம்புக்கு அது விடியற்காலை மூன்றரை மணி.

சென்ற முறை அதே இரவில் மலையேறினோம். குஞ்சப்பனை தாண்டியதும் மகன் வாந்தி எடுக்கத் தொடங்கினான். வீடு சேரும்வரை நிற்கவில்லை. பிறகு நான்கு நாள் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. இருந்ததே மூன்று வாரம்! அவனுக்கென்று அம்மா சுட்டுவைத்த பணியாரத்தை நான்தான் தின்று தீர்த்தேன்.

இம்முறை மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு தங்கலாம் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொன்னதும், "வீடு மேலே இருக்கும்போது லாட்ஜில் தங்குவாயா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பேத்தியை இதுவரை போன் திரையில்தான் பார்த்திருக்கிறார். நான் என்ன செய்யட்டும்? காலையில் மலை ரயிலில் வந்தால் வாந்தி குறையுமா?

குன்னூர் பாட்டி:

மகளே, என் மகள் டொராண்டோவில் இருக்கிறாள். உன் அம்மாவின் கோபம் எனக்குத் தெரியும். அது கோபமே இல்லை. ஆனாலும் தங்கிவிட்டே வா. அந்தச் சாலையில் இரவில் யானை நிற்கும். மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. இரண்டு குழந்தைகளோடு நீ ஒருத்தி வழியில் நிற்கக் கூடாது.

ரயிலை நம்பாதே. காலை 7.10க்குக் கிளம்பும் வண்டி கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தில் மெல்ல ஏறும், குலுக்கல் குறைவுதான். ஆனால் கோத்தகிரிக்கு அது வராதே! குன்னூரில் இறங்கினால் இன்னும் 20 கிலோமீட்டர் வளைவு பாக்கி. மழையில் மண் சரிந்தால் ரயிலையே ரத்து செய்துவிடுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நேர்ச்சாலை 33 கிலோமீட்டர்தான்.

இன்னொன்று. மெல்போர்ன் வெயிலிலிருந்து நம் பனிக்குள் வருகிறீர்கள். குளிருகிறதே என்று கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு வாசனை இருக்காது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். உன் அம்மாவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்.

வில்பட்டி தாய்:

அக்கா, நான் தோஹாவிலிருந்து கொடைக்கானலுக்கு ஆண்டுதோறும் மூன்று பிள்ளைகளோடு வருகிறேன். வத்தலக்குண்டு மலைப்பாதையில் கற்றதைச் சொல்கிறேன். காதுக்குள் இருக்கும் உறுப்பு வண்டி திரும்புவதை உணர்கிறது. கண் முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குள் இது அரிது. மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மகனுக்குத்தான் சாலை தெரிய வேண்டும். பின்சீட்டின் நடுவில் உட்காரவைத்து, தூரத்து வளைவைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு இட்லி போதும், பால் வேண்டாம். மாத்திரை வேண்டுமானால் அங்கேயே குழந்தை மருத்துவரிடம் எடையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

குழந்தை இருக்கை கொண்டுவந்தால் டாக்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பல வண்டிகளில் பின்சீட்டு பெல்ட் சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. வெளியூர் வண்டி என்றால் இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் அனுமதி வேண்டும். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அதுதான் நடைமுறை. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 உள்ள வண்டிக்குத் தேவையில்லை.

முதல் மூன்று நாள் பிள்ளைகள் இரவு ஒன்றரை மணிக்கே விழித்துக்கொள்வார்கள். வீட்டில் சொல்லிவையுங்கள்.

கோத்தகிரிக்காரி:

பாட்டி, வில்பட்டித் தங்கை, நீங்கள் இருவரும் எழுதியதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். யானையைப் பற்றிச் சொன்னபோதுகூட ஒன்றும் பேசவில்லை. ஒன்றரை மணிக்கு விழிப்பார்கள் என்றதும்தான், "நீ ஒருத்தி எப்படிச் சமாளிப்பாய்?" என்றார்.

இன்று காலை அவரே அழைத்தார். நாங்கள் வந்திறங்கும் நாளில் மதிய பஸ்ஸில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வருகிறாராம். மூன்று கட்டில் உள்ள அறையாகப் பார்க்கச் சொன்னார். டிஎன் 43 டாக்சியும் பேசியாகிவிட்டது. காலை 9 மணிக்கு எல்லோரும் சேர்ந்து ஏறுகிறோம். பேத்திக்குப் பின்னிய கம்பளித் தொப்பியைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்.