பெயர் தெரியாத குப்பிகளும் நிலவறையின் எதிரிகளும்: ரோக் ஆட்ட அனுபவங்கள்

காட்பாடி உறுப்பினர் எழுதுவது:

ரோக் என்ற கணினி ஆட்டத்தில் அவரவர் எதிர்கொண்டவற்றை எழுதலாம் என்று நம் குழுவில் பேசிக்கொண்டபடி, முதலில் நான் தொடங்குகிறேன். 1980-ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரு மாணவர்கள் உருவாக்கி, பிறகு கென் அர்னால்டும் சேர்ந்து வளர்த்த இந்த ஆட்டத்தில் படங்கள் கிடையாது. 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரையில் நாம் ஓர் ‘அட்’ (@) குறியாக நடக்கிறோம். ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் 26 வகை எதிரிகளாக வருகின்றன. நிலவறையின் 26-ஆம் தளத்தில் கிடக்கும் யெண்டோரின் தாயத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் மேலே ஏறி வெளியேறினால் வெற்றி. நடுவில் இறந்தால் மறுபடியும் முதல் தளம்தான். அறைகள், பொருள்கள், எதிரிகள் யாவும் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாகக் குலுக்கிப் போடப்படுகின்றன. வாள் வீச்சு பட்டதா இல்லையா என்பதைக்கூட 20 முகப் பகடை ஒன்றை உருட்டுவது போன்ற கணக்குதான் முடிவு செய்கிறது. நான் எழுதுவது எல்லாம் 5.4 பதிப்பைப் பற்றியது.

இத்தனை குலுக்கலிலும் ஆடுபவர் கையில் இருப்பது என்ன என்று கேட்டால், பெயர் தெரியாத பொருளை எந்த நேரத்தில் சோதிக்கிறோம் என்பதே என்று நான் உறுதியாகச் சொல்வேன். சென்ற ஆட்டத்தில் உயிர் காத்த பச்சைக் குப்பி இந்த ஆட்டத்தில் நஞ்சாக இருக்கலாம். அதனால் பலர் குப்பிகளைக் குடிக்காமல் சேர்த்து வைத்து, சாகும் தறுவாயில் ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்க்கிறார்கள். என் கருத்தில் அது தலைகீழான வழி.

சென்னையிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் திரும்பும் மாலைகளில், அரக்கோணம் தாண்டிக் கூட்டம் குறைந்த பிறகு மடிக்கணினியைத் திறப்பது என் வழக்கம். அண்மையில் ஆடிய ஓர் ஆட்டத்தில், மூன்றாம் தளத்தின் இறங்குபடி மேலேயே நின்றுகொண்டு, உடல்நலம் முழுமையாக இருக்கும்போதே, கையில் இருந்த குப்பிகள் அனைத்தையும் குடித்தேன். முதலாவது குழப்பத்தைத் தந்தது. கால் போன திசையில் தள்ளாடியபடி, ஏறக்குறைய 20 நகர்வுகள் கழிந்ததும் தெளிந்தேன். இரண்டாவது நஞ்சு, வலிமை குறைந்தது. மூன்றாவது, குணப்படுத்தும் மருந்து. உடல்நலம் நிறைந்திருக்கும்போது அதைக் குடித்தால் வீணாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்போது உயிர்ப்புள்ளியின் உச்ச அளவே ஒன்று உயர்கிறது, அந்த உயர்வு கடைசிவரை நிலைத்தும் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிறத்துக் குப்பி எது என்பது அந்த ஆட்டம் முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது.

அதன் பயன் 16-ஆம் தளத்தில் கிடைத்தது. ஒரு நகர்வில் மூன்று முறை தாக்கக்கூடிய ட்ரோல் ஒன்று என்னைக் குறுகிய நடைவழியில் மடக்கியது. ஓடுவதற்கு வழி இல்லை. வரும் வழியில் பொறுக்கிய ஐந்து நிறக் குப்பிகளில் எது மருந்து, எது நஞ்சு என்று எனக்குத் தெரிந்திருந்ததால், குடித்தும் வெட்டியும் மாறி மாறி நின்று, வாலாஜா ரோடு நிலையம் வரும் முன்னரே அதை வீழ்த்தினேன். இதே ட்ரோலிடம் என் சத்துவாச்சாரி நண்பர் சிக்கியபோது, அவரிடம் என்னைவிட அதிகக் குப்பிகள் இருந்தன. ஒன்றுகூடப் பெயர் தெரிந்தது அல்ல. அவர் குடித்த முதல் குப்பியே குழப்பம் தருவது. அடுத்த குப்பியைத் திறக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

ஆம்பூர் உறுப்பினர் எழுதுவது:

காட்பாடித் தம்பி குப்பிகளைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் கவசத்தைப் பற்றி எழுதுகிறேன். தோல் பதனிடும் தொழிலில் இருப்பவன் என்பதால், இந்த ஆட்டத்தின் தோல் கவசத்தின்மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. கவசங்களிலேயே மிகவும் வலுக்குறைந்த வகை அதுதான். ஆகவே நல்ல உலோகக் கவசம் கிடைத்தவுடன் எல்லோரும் அதைக் கீழே போட்டுவிடுகிறார்கள். நான் போடுவதில்லை. காரணம் அக்வேட்டர் என்ற எதிரி.

அக்வேட்டரின் அடி உயிர்ப்புள்ளியில் ஒன்றையும் குறைக்காது. கவசத்தைத் துருப்பிடிக்க வைக்கும். ஒவ்வோர் அடிக்கும் கவசத்தின் காப்பு ஒரு படி இறங்கும். ஆட்டத்தின் மிகச் சிறந்த காப்பான தகட்டுக் கவசம் ஒன்றை எட்டாம் தளத்தில் கண்டெடுத்து அணிந்திருந்தபோது, 11-ஆம் தளத்தில் இருண்ட அறை ஒன்றில் அக்வேட்டர் என் பக்கத்தில் வந்து நின்றது. உடனே கவசத்தைக் கழற்றினேன். அடியால் உடலுக்குத் தீங்கில்லை என்பதால், வெறும் மேனியாகவே அதனுடன் போரிட முடியும். அந்த உபாயம் பலருக்கும் தெரிந்ததே. ஆனால் அன்று போர் முடியும் முன்னரே ஓர்க் ஒன்று மறுவாசல் வழியாக நுழைந்துவிட்டது. கவசமின்றி நின்றால் ஓர்க் கொல்லும்; தகட்டுக் கவசத்தை அணிந்தால் அக்வேட்டர் அதை அழிக்கும். அப்போதுதான் மூட்டையில் சுமந்து வந்த தோல் கவசத்தை எடுத்து அணிந்தேன். தோல் துருப்பிடிப்பதில்லை. அக்வேட்டர் ஓயாமல் அடித்தும் அதன் காப்பு குறையவில்லை. ஓர்க்கின் அடிகளில் பலவும் குறி தவறின. இரண்டையும் முடித்துவிட்டு, களங்கமற்ற தகட்டுக் கவசத்தை மீண்டும் அணிந்துகொண்டு கீழே இறங்கினேன்.

எங்கள் தொழிலில் இரும்புக்கும் தோலுக்கும் உள்ள உறவு வேறு வகையானது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால், பட்டையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடிக் கருநீலக் கறையை உண்டாக்கிவிடும். அதனால் இரும்புப் பாத்திரங்களை நாங்கள் அருகில் விடுவதில்லை. நிலவறையில் இரும்பு தோற்கும் இடத்தில் தோல் நிற்பதைப் பார்ப்பது எனக்கு மெய்யான மகிழ்ச்சி.

குடியாத்தம் உறுப்பினர் எழுதுவது:

நம் குழுவில் நான் அறிந்தவரை தாயத்தைத் தொட்டவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவன் என்ற முறையில், அந்த ஏற்றத்தைப் பற்றி எழுதுகிறேன்.

22-ஆம் தளத்தில் கிரிஃபின் ஒன்றும் ஜாபர்வாக் ஒன்றும் ஒருசேரத் துரத்தின. என்னிடம் எதிரிகளை அச்சுறுத்தும் மந்திரச் சுருள் ஒன்று இருந்தது. அதைப் படித்தால் தொலைவில் ஒரு வெறிச்சிரிப்பு கேட்கும், சுருள் வீணாகும், அவ்வளவுதான். ஆனால் தரையில் வைத்துவிட்டு அதன் மேல் நின்றால், எந்த எதிரியும் அந்த இடத்தில் அடிவைக்க முடியாது, ஆகவே அருகில் நின்று நம்மைத் தாக்கவும் முடியாது. அந்தச் சுருளை ஒருமுறைதான் தரையிலிருந்து எடுக்கலாம். கீழே வைத்து மறுபடி எடுத்தால் தூளாகிவிடும். எங்கே வைப்பது என்ற முடிவு அதனால் ஒரே ஒரு முறைக்கு உரியது. நடைவழி அறைக்குள் திறக்கும் வாசலுக்கு ஓர் அடி முன்னே, நடைவழியிலேயே வைத்து, அதன் மேல் நின்று, இரண்டையும் வெட்டிச் சாய்த்தேன். டிராகன் தூரத்திலிருந்தே நெருப்பு உமிழும் என்பதால் அதனிடம் இந்தச் சுருள் போதுமான காப்பு ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தாயத்தை எடுத்த பிறகு ஆட்டத்தின் இயல்பே மாறிவிடுகிறது. ஏறும் வழியில் தளங்கள் புதிதாகவே வரையப்படுகின்றன. எதிரிகளும் பொறிகளும் இருக்கின்றன. ஆனால் பொருள்கள் எவையும் வைக்கப்படுவதில்லை. குப்பி இல்லை, சுருள் இல்லை, உணவும் இல்லை. ஒருவேளை உணவு சுமார் 1,300 நகர்வுகளுக்குத் தாங்கும். மேலே செல்லும் படியை ஒவ்வொரு தளத்திலும் இருட்டில் தேட வேண்டியிருப்பதால், என் மூட்டையில் இருந்த மூன்று வேளை உணவு முதலில் தாராளமாகத் தோன்றினாலும், பாதி வழியில் நெருக்கடியாயிற்று. 14-ஆம் தளத்தில் கண்ணுக்குத் தெரியாத படுகுழி ஒன்று, பரமபதத்தில் பாம்பு இறக்கிவிடுவதைப் போல, என்னை 15-க்குத் தள்ளியது. ஏறி வந்தேன், 12-ஆம் தளத்தில் மீண்டும் ஒரு குழி. ஆறாம் தளத்தை எட்டியபோது பசியால் மயங்கி விழத் தொடங்கினேன். மயக்கத்தில் கிடக்கும்போது ஹாப்காப்ளின் ஒன்று, நான் கிரிஃபினை வென்றவன் என்பதை அறியாமலே, என்னைக் கொன்றது.

காட்பாடி உறுப்பினரின் மறுமொழி:

குடியாத்தம் அண்ணன் எழுதியதைப் படித்தபின், உணவு குறித்து மூல நிரலில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. தொடர்ந்து மூன்று தளங்களில் உணவு எதுவும் உருவாகவில்லை என்றால், நான்காம் தளத்தில் உருவாகும் முதல் பொருளை ஆட்டம் கட்டாயமாக உணவாக ஆக்கிவிடுகிறது. இறங்கும்போது குலுக்கல் நம்மைப் பட்டினி போடாதபடி ஆட்டத்தை உருவாக்கியவர்களே தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு தளத்தில் நெடுநேரம் திரிவதைவிட விரைவாக இறங்கினால் உணவு மிச்சமாகும். அந்த மிச்சம்தான் ஏற்றத்துக்கான கட்டுச்சோறு. 20-ஆம் தளத்தைக் கடக்கும் முன் ஐந்து வேளை உணவாவது மூட்டையில் இருக்க வேண்டும் என்று நான் கணக்கிடுகிறேன். அண்ணன் மீண்டும் இறங்கும்போது அந்தக் கணக்கு சரியாக இருந்ததா என்று இங்கேயே எழுத வேண்டும்.