பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் கன்சோல் வந்தும் கிராபிக்ஸ் அப்படியேதானே இருக்கிறது?

கரிசல்காடு:
காட் ஆஃப் வார் ராக்னராக் ஆட்டம் 2022-இல் பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டுக்கும் வந்தது. இரண்டிலும் விளையாடிவிட்டேன். பிஎஸ்5-இல் படம் துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் நாயகன் க்ரேட்டோஸின் தாடி இரண்டிலும் ஒரே தாடி. பிஎஸ்1-இல் கேமரா திரும்பினாலே சுவரும் தரையும் நெளியும். பிஎஸ்2 வந்ததும் அந்த நெளிவு போனது, யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நினைவகத்தை (ரேம்) பாருங்கள். பிஎஸ்1-இல் 2 எம்பி, பிஎஸ்2-இல் 32 எம்பி, பிஎஸ்3-இல் மொத்தம் 512 எம்பி, பிஎஸ்4-இல் 8 ஜிபி. ஒவ்வொரு முறையும் 16 மடங்கு. பிஎஸ்5-இல் 16 ஜிபி, அதாவது வெறும் 2 மடங்கு.

மின்மினி:
அண்ணா, உதாரணமே சரியில்லை. பிஎஸ்4-இலும் ஓட வேண்டும் என்று செய்த ஆட்டம் பிஎஸ்4 ஆட்டம் மாதிரிதான் இருக்கும். நினைவகம் 2 மடங்கோடு நின்றதற்கும் காரணம் உண்டு. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தாலே பெரிது என்பதால், அடுத்த அரை நிமிஷத்துக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே ஏற்றி வைத்தார்கள். பிஎஸ்5-இல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக உள்ள வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது. நீங்கள் திரும்பும் பக்கத்துக்கு வேண்டியதை அப்போதே எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய மாற்றம் வெளிச்சத்தில்தான். பழைய ஆட்டங்களில் பெரும்பாலும் வெளிச்சத்தை முன்னமே கணக்கிட்டுச் சுவரில் பதித்துவிடுவார்கள், விளக்கை உடைத்தாலும் அது அப்படியே இருக்கும். ஒளிக்கதிர் போகும் பாதையை விளையாடும்போதே கணக்கிடும் ரே டிரேசிங்கில், கதவைத் திறந்தால் வெயில் தரையில் பட்டு எதிர்ச் சுவரில் ஏறும்.

கரிசல்காடு:
சரி தம்பி, எஸ்எஸ்டியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் குறைந்தது காத்திருப்பு, கண்ணுக்கு என்ன கிடைத்தது? 2024-இல் பிஎஸ்5 ப்ரோவை அறிமுகப்படுத்தியபோது அதை வடிவமைத்த மார்க் செர்னியே சொன்னார்: படத்தின் தெளிவா, அசைவின் வேகமா என்று கேட்டால், முக்கால்வாசி நேரம் ஆட்டக்காரர்கள் வேகத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 4கே தெளிவு என்றால் 1080பி (முழு எச்டி) தெளிவைப் போல 4 மடங்கு பிக்சல் (படப்புள்ளி). அவ்வளவு சக்தியைக் கொட்டிக் கொடுத்தும் ஜனங்கள் வேண்டாம் என்கிறார்களே!

வெயில்நேசன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு ஆட்டம் தயாரிக்கும் செலவுதான் உறுத்துகிறது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் வெளிவந்த ஆவணங்களின்படி லாஸ்ட் ஆஃப் அஸ் 2-க்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21.2 கோடி டாலர். இவ்வளவு போட்டால் யார் புதிதாக எதையாவது முயன்று பார்ப்பார்கள்? கையில் பிடித்தால் வெறும் 720பி காட்டும் நின்டெண்டோ ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

மின்மினி:
செலவு குறையவும் ரே டிரேசிங்தான் வழி. ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சத்தைக் கையால் சரிபார்க்கும் வேலை மிச்சம். பழைய மெஷினையும் கட்டி இழுப்பதால் இப்போது இரண்டு வேலையும் நடக்கிறது. 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டம், கணினியில் ரே டிரேசிங் வசதி இல்லாத கிராபிக்ஸ் கார்டில் ஓடவே ஓடாது. ஆனால் பிஎஸ்5-இல் நொடிக்கு 60 பிரேம் (படம்) வேகத்தில் ஓடுகிறது. வேகம், வெளிச்சம் இரண்டும் கிடைக்கும் அண்ணா.

கரிசல்காடு:
அப்படியென்றால் எல்லா ஸ்டுடியோவும் பழைய கன்சோலைக் கைவிட்டு அதே மாதிரி செய்து காட்டட்டும். அதுவரை பிஎஸ்6-க்கென்று நான் ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்கப் போவதில்லை.