ஏற்காடு மலைப்பாதையும் வாந்தி மாத்திரையும்: எது, எப்போது, யாருக்குக் கூடாது (அனுபவப் பகிர்வு)

மெடிக்கல் கடைக்காரர், அஸ்தம்பட்டி:
அடிவாரத்துக்கு வந்தப்புறம் மாத்திரை போடுறவங்கதான் ஜாஸ்தி. அது முழுசா வேலை செய்யறதுக்குள்ள 20 கொண்டை ஊசி வளைவுல பாதி தாண்டிடும். அவோமின் 25 மி.கி., அதாவது புரோமெத்தசின், கிளம்பறதுக்கு 1 முதல் 2 மணி நேரம் முன்னாடியே போடணும். பெரியவங்களுக்கு ஒண்ணு, 6 முதல் 10 வயசுக்கு அரை. கூட ரெண்டு இட்லி போதும்; பூரி, பொங்கல் வேண்டாம்.

செவிலியர், அவசரப் பிரிவு:
"வாந்தி மாத்திரை"ன்னு மட்டும் கேட்டு வாங்காதீங்க. மலை வாந்தி காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பிலிருந்து கிளம்புறது. சாதாரண வாந்திக்குக் கொடுக்கிற டோம்பெரிடோனும் ஆன்டன்செட்ரானும் அதுக்குச் சரியா கேக்காது.

ஸ்டெமெடில்னு இன்னொரு வாந்தி மாத்திரை (புரோகுளோர்பெரசின்) இருக்கு. அதுவும் அவோமின் மாதிரியே பீனோதயசின்ங்கிற மருந்து வகைதான், ஆனா அது மூளையில இருக்கிற டோபமைன்ங்கிற ரசாயனத்தைப் பலமா தடுக்கும். அதனால சின்ன வயசுக்காரங்களுக்குச் சில சமயம் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கும், கண் மேலே செருகும், தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும். வீட்டுல வலிப்புன்னு நினைச்சு சாவியைக் கையில திணிப்பாங்க, இல்லன்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. நினைவு மட்டும் தெளிவா இருக்கும், கேட்டா பதில் சொல்ல முயற்சி பண்ணுவாங்க, அதுதான் அடையாளம். இதுக்குப் போடுற ஊசிகள்ல ஒண்ணு அதே வகையைச் சேர்ந்த புரோமெத்தசின். அது அசிட்டைல்கோலின்ங்கிற இன்னொரு மூளை ரசாயனத்தை அடக்கி இழுப்பைத் தளர்த்தும். ஆழமா தசையிலதான் போடணும். தமனிக்குள்ளயோ தோலுக்கடியிலயோ போயிட்டா சதை அழுகிடும். முதல்ல சாப்பிட்ட ஸ்டெமெடில் உடம்புல மிச்சம் இருக்கிறதால இழுப்பு திரும்ப வரலாம். அது திரும்ப வராம இருக்க டாக்டர் எழுதின மாத்திரையை நடுவுல நிறுத்தாதீங்க. ஆஸ்பத்திரிக்கு வரும்போது, தின்ன வாந்தி மாத்திரையோட அட்டையை மறக்காம எடுத்துட்டு வாங்க.

வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுப்பவர்:
வண்டி ஓட்டுறவங்க அவோமின் தொடவே கூடாது. காலையில போட்டது சாயங்காலம் இறங்கும்போதும் தூக்கம் கண்ணை இழுக்கும். சளி சிரப்பும் சரக்கும் சேர்ந்தா இன்னும் மோசம். புராஸ்டேட் வீக்கம் இருக்கிற தாத்தா அவோமின் போட்டா சிறுநீர் அடைச்சிக்கும். கண் அழுத்த நோய் உள்ளவங்க டாக்டரைக் கேக்காம போடக்கூடாது.

செவிலியர், அவசரப் பிரிவு:
ரெண்டு வயசுக்குள்ள குழந்தைக்குப் புரோமெத்தசின் சிரப் ஒரு சொட்டுகூட வேண்டாம், மூச்சை அடக்கிடும். ஆறு வயசு வரைக்கும் டாக்டர் சொல்லாம கொடுக்காதீங்க. யாராவது கொடுத்திருந்து, தட்டி எழுப்பியும் குழந்தை முழிக்கலன்னா, மூச்சு மெதுவானா, 108க்கு அடிங்க. தூங்கட்டும்னு விட்டு மேலே ஏறாதீங்க.