டிஜிட்டல் லேபிள் மெஷின்: காரைக்குடிப் பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடி, லேபிள் அச்சகம்:

ஃபைலிலிருந்து நேராக லேபிள் அச்சடிக்கும் டிஜிட்டல் மெஷின் வாங்கலாமா, பிளேட் என்ற வளையும் அச்சுத்தகட்டை ஏற்றி ஓட்டும் ஃபிளெக்ஸோவே போதுமா என்று கேட்ட தம்பிக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்களுக்கு வேலை தருவது பெரும்பாலும் பலகாரக்காரர்கள்தான். மனகோலம், கைமுறுக்கு, சீப்புச் சீடை, தேன்குழல் என்று ஒரு ஆச்சியிடமே ஏழெட்டு வகை இருக்கும். ஒவ்வொன்றிலும் கால் கிலோ, அரை கிலோ. "வகைக்கு ஐந்நூறு போதும்ப்பா" என்பார்கள். ஃபிளெக்ஸோவில் நிறத்துக்கு ஒரு பிளேட். நாலு கலர் வேலைக்கு நாலு பிளேட் எடுத்து, ஏற்றி, நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தி (ரெஜிஸ்டர்) நிறம் நிற்பதற்குள் ஓடும் வேஸ்டே அந்த ஐந்நூறை விழுங்கிவிடும். இப்படிப்பட்ட ஆர்டர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசே வராது. திருப்பி அனுப்பினால் அவர்களே ஜெராக்ஸ் கடையில் ஸ்டிக்கர் தாளில் எடுத்து, உட்கார்ந்து கத்தரியால் வெட்டி ஒட்டுவார்கள். டிஜிட்டல் போட்டதே இவர்களுக்காகத்தான்.

2025 செப்டம்பர் 22-ல் முறுக்கு, மிக்சர் போன்ற பொட்டலப் பலகாரங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது நினைவிருக்கும். பழைய விலை மறையாமல் புது விலை ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள அரசு அனுமதித்தது. அன்று காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஃபிளெக்ஸோவில் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினாலே போதும், உண்மைதான். ஆனால் வகைக்கொன்று, எடைக்கொன்று என்று எத்தனை கறுப்பு பிளேட் எடுப்பது? டிஜிட்டலில் ஃபைலில் எண்ணைத் திருத்தினோம், ஓட்டினோம். தீபாவளிச் சரக்கு தேங்காமல் போனது.

அதற்காகப் பழைய மெஷினை விற்றுவிடாதீர்கள். ஒரே டிசைனில் லட்சக்கணக்கில் கேட்கும் புதுவயல் அரிசி ஆலை வேலைக்கு இன்றும் ஃபிளெக்ஸோதான் கட்டுப்படியாகும். டிஜிட்டலில் ஆயிரமாவது லேபிளுக்கும் முதல் லேபிளுக்கான அதே அச்சுச் செலவு. ஃபிளெக்ஸோவில் ஓட ஓடச் செலவு இறங்கும்.

இன்னொன்று, மெட்டீரியல். பலகாரப் பொட்டலத்தில் எண்ணெய்க் கை படாமல் இருக்காது. குரோமோ என்ற பளபளப்புத் தாள் அந்த எண்ணெயைக் குடித்து, இரண்டே நாளில் ஓரம் கண்ணாடிபோல் ஆகிவிடும். பிபி (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடித்து மேலே லேமினேஷன் போட்டால் நிற்கும். விலை கூடுதல்தான். ஆனாலும் கறை படிந்த லேபிள் கடை அலமாரியில் இருந்தால் உள்ளே இருக்கும் முறுக்கையே கெட்டது என்பார்கள்.

தேவகோட்டை, ஆபரேட்டர்:

அண்ணே, லேபிளை வடிவத்துக்கு வெட்டும் கத்தி அச்சான டை பற்றியும் சொல்லணும். அச்சு டிஜிட்டல் ஆனாலும் வெட்டுவது பல இடத்தில் பழைய டைதான். மேல் தாள் மட்டும் வெட்டுப்படணும், அடித்தாளில் கத்தி இறங்கக் கூடாது. லேபிளை உரித்துவிட்டு அடித்தாளில் மார்க்கர் பேனாவால் தேய்த்துப் பார்ப்பேன். கோடு கோடாய் மை இறங்கினால் வெட்டு ஆழம். அப்படியே விட்டால் ஒட்டும் மெஷினில் ரோல் அறுந்து பார்ட்டி திருப்பி அனுப்பிவிடுவார்.

நிறத்தில்தான் பழைய கைக்கு மதிப்பு. சேலையில் தொங்கவிடும் டேக்குக்காக ஒருவர் கண்டாங்கிச் சேலையையே கொண்டுவந்து, இந்த அரக்குதான் வேணும் என்றார். மெஷின் கொடுத்த முதல் சிவப்பு டியூப்லைட்டில் பொருந்தியது, வாசல் வெயிலில் ஆரஞ்சாய்த் தெரிந்தது. எங்கள் மை கலக்கும் பெரியவர்தான் சேலையையும் பிரிண்டையும் மாறி மாறிப் பார்த்து, "மஞ்சளைக் குறை, கறுப்பு ஒரு சொட்டு ஏற்று" என்று ஸ்கிரீன் பக்கத்தில் நின்று சொன்னார். வந்தது.

காரைக்குடி, லேபிள் அச்சகம்:

சரியாகச் சொன்னீர்கள். தம்பி, டெமோவுக்குப் போனால் மெஷின் விற்பவர்களின் சாம்பிள் ரோலில் ஓட்டிக் காட்ட விடாதீர்கள். உங்கள் ரோல், உங்கள் ஃபைல், அதில் ஆறு பாயிண்ட் தமிழ் எழுத்து கண்டிப்பாக இருக்கட்டும். 'ஞ', 'ணூ' எல்லாம் அடைபடாமல் வருகிறதா பாருங்கள். ஒவ்வொரு அச்சுக்கும் மெஷின் கம்பெனி வாங்கும் கிளிக் சார்ஜில் என்னென்ன அடக்கம், மெஷின் நின்றால் சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.